ரயில் கேம் ஆடினா மனசுக்கு அமைதியாம்ல!

எத்தனை தடவைதான் கேட்டுக்கிட்டு சும்மா இருக்கிறது? ரயில் பாதை போடுற கம்ப்யூட்டர் கேம்களைப் பத்தி யார் எழுதினாலும், முதல் பத்தியிலேயே "மனசுக்கு அமைதி" வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துடுது. மழை பெய்யுற சாயங்காலம், கையில ஃபில்டர் காபி, திரையில குட்டி குட்டியா ரயில் ஓடுது, ஆஹா என்ன சுகம்... ஊதுவத்தி விளம்பரம் தோத்துது போங்க.

அய்யா சாமிகளா, ரயில் ஓடுறதைப் பார்த்து மனசு குளிரணும்னா பத்து ரூபாய்க்கு பிளாட்பார டிக்கெட் எடுத்துட்டு ஸ்டேஷன் பெஞ்சுல போய் உட்காருங்க. 1990ல சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து மைக்ரோப்ரோஸ் கம்பெனிக்காகச் செஞ்ச ரெயில்ரோட் டைகூன் அந்த வேலைக்கான சாமான் இல்லை. அது கடன்காரனோட விளையாட்டு. அதுல ரயில்ங்கறது வட்டி கட்டறதுக்காக ஓடுற வண்டி. இப்படிச் சொன்னா ரயில் ரசிகர்கள் அடிக்க வருவாங்க. வரட்டும், நானும் ஒரு ரயில் ரசிகன்தான்.

ஆட்டம் எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மொத்தம் நாலு வரைபடம்: அமெரிக்கக் கிழக்கு, அமெரிக்க மேற்கு, இங்கிலாந்து, ஐரோப்பா. கிழக்கை எடுத்துக்கிட்டா வருஷம் 1830. கையில பத்து லட்சம் டாலர். அடேயப்பான்னு வாயைப் பிளந்துட்டு கணக்குப் புத்தகத்தைத் திறந்தா, அதுல பாதி கடன் பத்திரம் வித்து வந்த காசு. இன்னும் ஒரு கட்டை கூட போடலை, அதுக்குள்ள வட்டி ஓட ஆரம்பிச்சாச்சு!

சரி, ரெண்டு ஊரை இணைக்கணும். பக்கத்துப் பக்கத்து ஊர்னா செலவு கம்மி. ஆனா தூரத்துக்குத்தான் கூலி, அதனால வரும்படி பிச்சைக்காசு. தூரத்து ஊர்னா நல்ல வரும்படி, ஆனா பாதி வழியிலேயே பணம் தீர்ந்துடும். நடுவுல ஒரு ஆறு. மரப்பாலம் மலிவு, வெள்ளம் வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும். கல்பாலம் நிக்கும், ஆனா அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் பாதையே போட்டுடலாம். அப்புறம் ஒரு மலை. சுத்திப் போனா பாதை நீளுது, நேரா ஏறினா அந்தக் காலத்து கிராஸ்ஹாப்பர் இன்ஜின் ஆஸ்துமா வந்த மாதிரி இழுக்குது. இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே காலண்டர் ஓடுது.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு முடிப்பாங்க. எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு, ஷேர் விலை என்ன, எல்லாம் வெட்ட வெளிச்சம். பொருளாதாரம் ஒரு சமயம் செழிப்பா இருக்கும், ஒரு சமயம் பீதியில இருக்கும். காசு ரொம்பத் தேவைப்படுற அந்த பீதி வருஷத்துலதான் வட்டி ஏறிக் கிடக்கும். ஏற்கனவே நிறைய கடன் வாங்கியிருந்தா கேக்கவே வேணாம். திவால்னு அறிவிச்சுட்டு கடனைக் குறைச்சுக்கலாம், வழி இருக்கு. ஆனா அதுக்கப்புறம் உங்களை நம்பி பத்திரம் வாங்க வர்றவன் கூடுதல் வட்டி கேட்பான். (இந்த இடத்துல வீட்டுக்கடன் வாங்கின பதிவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுக்கலாம். மாசம் பொறந்தா இ.எம்.ஐ. போற குறுஞ்செய்தி வரும்போது எனக்கு வர்ற அதே வயித்துக் கலக்கல்தான் அந்தக் கணக்குத் திரையைப் பார்க்கும்போதும் வரும்.)

இது பத்தாதுன்னு போட்டியாளர்கள் வேற. வாண்டர்பில்ட், ஜே கூல்ட், ஜே.பி. மார்கன் மாதிரி சரித்திரப் பெருச்சாளிகள். நீங்க பாதை போடறதுல மும்முரமா இருக்கும்போது அவங்க சத்தமில்லாம உங்க கம்பெனி ஷேரை வாங்கிக்கிட்டு இருப்பாங்க. பாதிக்கு மேல போயிடுச்சுன்னா உங்க கம்பெனி உங்களுது இல்லை. ஆக, இரட்டைப் பாதை போடலாம்னு சேர்த்து வெச்ச காசை எடுத்து நம்ம ஷேரை நாமே திரும்ப வாங்க வேண்டிய கட்டாயம். ஒத்தைப் பாதையில ரயிலுங்க ஒண்ணுக்கொண்ணு வழி விட்டு நின்னுக்கிட்டு இருக்கும். வண்டி நிக்குது, வட்டி நிக்கலை.

இதுல எங்கய்யா இருக்கு அமைதி?

எங்க வேர் இருக்குன்னு பார்த்தா இது இன்னும் தெளிவாப் புரியும். சிட் மையர் முதல்ல செய்ய ஆரம்பிச்சது பொம்மை ரயில் மாடல் மாதிரி ஒண்ணைத்தான். அதாவது நம்ம "அமைதி" கோஷ்டிக்குப் பிடிச்ச சமாச்சாரம். அது டைகூனா மாறினதுல புரூஸ் ஷெல்லிக்குப் பெரிய பங்கு உண்டு. ஷெல்லி அதுக்கு முன்னாடி அவலான் ஹில்ங்கற பலகை விளையாட்டுக் கம்பெனியில இருந்தவர். அங்க 1986ல வந்த "1830"ங்கற விளையாட்டை வளர்த்தெடுத்தவர். அதை உருவாக்கினவர் ஃபிரான்சிஸ் டிரெஷம்ங்கற இங்கிலாந்துக்காரர். 1974ல அவர் போட்ட "1829"தான் இந்த வம்சத்துக்கே பாட்டன்.

"1830" ஆடாதவங்களுக்கு அதோட குரூரத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, முயற்சி பண்றேன். அதுல உங்க பணம் வேற, கம்பெனி பணம் வேற. யார்கிட்ட அதிக ஷேர் இருக்கோ அவர்தான் அந்தக் கம்பெனிக்குத் தலைவர். ரயில்களுக்கு ஆயுசு உண்டு, ஆனா அது வருஷக் கணக்குல இல்லை. மேஜையில யாராவது முதல் "4" ரக ரயிலை வாங்கின அந்த நொடி, எல்லார்கிட்டயும் இருக்கிற "2" ரக ரயில் மொத்தமும் காயலான் கடைக்குப் போயிடும். அடுத்தவன் வாங்கினதால உங்க சொத்து துருப்பிடிக்குது! ரயில் இல்லாத கம்பெனி கண்டிப்பா ஒரு ரயில் வாங்கியாகணும். கஜானாவுல காசு இல்லைன்னா தலைவர் சொந்தப் பாக்கெட்டுல இருந்து போடணும். அதுக்கும் வழியில்லைன்னா அவர் திவால், ஆட்டம் அதோட முடிஞ்சுது.

இப்ப சூட்சுமம் வருது. கம்பெனிக்குப் பெரிய செலவு வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுச்சு. என்ன பண்ணுவீங்க? கம்பெனியைக் காலி பண்ணிட்டு, உங்க ஷேரை மளமளன்னு வித்துடுவீங்க. எதுவரைக்கும்? எதிர்ல உட்கார்ந்திருக்கிற அப்பாவிகிட்ட உங்களைவிட அதிக ஷேர் இருக்கிற நிலை வர்ற வரைக்கும். அந்த நிமிஷத்துல இருந்து அவர்தான் தலைவர். வாழ்த்துக்கள் அண்ணே, இந்தாங்க ரயிலே இல்லாத ரயில்வே கம்பெனி, கடைசிச் செலவு உங்களோடது :-) இந்த ஆட்டத்தை ஆடிட்டு ஒரு வாரம் பேசாம இருந்த நண்பர்கள் உண்டு.

"இதெல்லாம் விளையாட்டுக்காகச் சேர்த்த மசாலா, நிஜத்துல ரயில்வே போட்டவங்க நாட்டைக் கட்டினவங்க"ன்னு யாரும் கிளம்பிடாதீங்க. நிஜம் இதைவிட மோசம். 1868ல ஈரி ரயில்வேயை வளைச்சுப் போட வாண்டர்பில்ட் ஷேரா வாங்கித் தள்ளினார். உள்ளே இருந்த டேனியல் ட்ரூ, ஜிம் ஃபிஸ்க், ஜே கூல்ட் மூணு பேரும் புதுசு புதுசா ஷேர் அச்சடிச்சு அவர் தலையிலேயே கட்டினாங்க. கைது வாரண்ட் வந்ததும் ஆத்தைத் தாண்டி ஜெர்சி சிட்டிக்கு ஓடிட்டாங்க. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1862ல வந்த பசிபிக் ரயில்வே சட்டத்தைப் பாருங்க. பாதை போடற கம்பெனிக்கு அரசாங்கம் மைல் கணக்குல கடன் பத்திரம் கொடுத்துச்சு. சமவெளின்னா மைலுக்கு 16,000 டாலர், மலைன்னா 48,000. உடனே சென்ட்ரல் பசிபிக் கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? சேக்ரமெண்டோ ஊரைத் தாண்டி கொஞ்ச தூரத்துல, ஆர்கேட் ஓடை பக்கத்துலயே சியரா மலை ஆரம்பிச்சுடுதுன்னு புவியியல் நிபுணரை விட்டே சொல்ல வெச்சுது. அங்கே நின்னு பார்த்தா தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். லிங்கன் அதை ஏத்துக்கிட்டார். மலை நடந்து வந்து கம்பெனி கல்லாவுல உட்கார்ந்துடுச்சு!

இந்தப் பக்கம் இவங்க, அந்தப் பக்கம் யூனியன் பசிபிக். மைலுக்கு இவ்வளவுன்னு காசு வர்றதால, யூட்டாவுல ரெண்டு கம்பெனி ஆளுங்களும் ஒருத்தரையொருத்தர் பார்த்துட்டும் நிக்காம, எதிரெதிர் திசையில இணையா நூறு மைலுக்கும் மேல மண் அடிச்சுக்கிட்டே போனாங்க. எங்க இணையணும்னு அமெரிக்க காங்கிரஸ் தலையிட்டுத் தீர்க்க வேண்டியதாப் போச்சு. 1869 மே 10ம் தேதி புரமோண்டரியில தங்க ஆணி அடிச்ச கதைதான் எல்லாருக்கும் தெரியும். யூனியன் பசிபிக் முக்கியஸ்தர்கள் கிரெடிட் மொபிலியேர்னு ஒரு கம்பெனி வெச்சு, தங்களுக்குத் தாங்களே கான்ட்ராக்ட் கொடுத்து ஊதின பில் போட்ட கதை 1872ல நாறுச்சு. அடுத்த வருஷமே நார்தர்ன் பசிபிக் ரயில்வேக்குப் பணம் திரட்டின ஜே குக் வங்கி விழுந்து, ஊரையே இழுத்துக்கிட்டுப் போச்சு. ரயில் விளையாட்டுல பீதி வருஷம்னு வருதே, அது சும்மா சுவாரசியத்துக்கு வெச்சதுன்னு நினைச்சீங்களா?

1998ல பாப்டாப் கம்பெனி செஞ்ச ரெயில்ரோட் டைகூன் 2 இந்த வேர்களை நல்லாப் புரிஞ்சுக்கிட்ட கேம். என்னைக் கேட்டா இந்த வகையிலேயே அதுதான் உச்சம். "1830" மாதிரியே உங்க பை வேற, கம்பெனி பை வேற. கம்பெனி காசுல நேரடியாக் கை வைக்க முடியாது, ஆனா டிவிடெண்டை ஏத்தி விட்டா காசு வாய்க்கால் வெட்டின மாதிரி உங்க பைக்கு வந்துடும். அந்தக் காசை வெச்சு, பத்தாததுக்குப் புரோக்கர்கிட்ட கடன் வெச்சு ஷேர் வாங்கலாம். விலை சரிஞ்சா புரோக்கர் உங்களைக் கேக்காமலே வித்துடுவான். கையில இல்லாத ஷேரை முன்கூட்டியே வித்து அடுத்தவன் கம்பெனி விழறதுல லாபம் பார்க்கலாம். ஒரு பாலம் கூட கட்டாம பெரிய பணக்காரன் ஆகலாம். ஜே கூல்ட் புத்தி எப்படி வேலை செஞ்சிருக்கும்னு எந்தப் புத்தகத்தைவிடவும் இது எனக்கு நல்லாப் புரிய வெச்சுது, ஏன்னா மூணாவது மணி நேரத்துல நானே அவனா மாறியிருந்தேன்.

இப்ப எதிர்க்கட்சிக்கு வருவோம். டிரான்ஸ்போர்ட் டைகூன். 1994, கிறிஸ் சாயர், புரோகிராம் முழுக்கத் தனி ஆளா, அதுவும் அசெம்பிளி மொழியில எழுதினது. அந்த உழைப்புக்கு ஒரு பெரிய கும்பிடு. 2004ல லுட்விக் ஸ்ட்ரீகியஸ் அதைப் பிரிச்சு மேஞ்சு திரும்ப எழுதி ஓப்பன்டிடிடின்னு இலவசமா வெளியிட்டார், அது இன்னிக்கும் வளர்ந்துக்கிட்டு இருக்கு. அதுக்கும் கும்பிடு. (மியூடோரண்ட் எழுதின அதே புண்ணியவான். நம்ம தலைமுறை அவருக்கு ரெண்டு வகையில கடன்பட்டிருக்கு, ஹி ஹி.) ஆனா அந்த கேம்ல பணம்ங்கறது முதல் சில வருஷத்துக்குத்தான். நீளமா ஒரு நிலக்கரி ரயில், அப்புறம் இன்னொண்ணு, கடன் தீர்ந்துது. அதுக்கப்புறம் காசு கொட்டோ கொட்டுன்னு கொட்டும், செலவு பண்ண இடம் இருக்காது. பழைய கேம்ல கம்ப்யூட்டர் போட்டியாளர் போடுற பாதையோ, குடிச்சுட்டுக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அவனால உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அதனால ஆடறவங்க என்ன பண்றாங்க? சிக்னலை நோண்டறாங்க. எட்டு லைன் வந்து எட்டு லைன் போற ஜங்ஷனைத் தாமரைப் பூ மாதிரி வரைஞ்சு படம் போடறாங்க. அது ஒரு கலைதான், நான் மறுக்கலை. சிக்கலான புதிர்தான். ஆனா அதை ரயில்வே கட்டறதுன்னு சொல்லாதீங்க. ரயில்வே கட்டறவன் முதல்ல கேக்கிற கேள்வி "இந்த ஜங்ஷன் தேவையா, இதுக்குக் காசு யார் தர்றது?"

அடுத்தடுத்து வந்ததுல இந்த வியாதி முத்திடுச்சு. 2003ல வந்த ரெயில்ரோட் டைகூன் 3 பரவாயில்லை, சரக்கு விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தானா நகர்ற அந்தச் சந்தைக் கணக்கு அருமை. 2006ல சிட் மையர் பேரிலேயே வந்த "ரெயில்ரோட்ஸ்!" பொம்மைக் கடை. 2019ல வந்த டிரான்ஸ்போர்ட் ஃபீவர் 2ல போட்டிக் கம்பெனியே கிடையாது. புல் ஆடுது, இன்ஜின்ல வெயில் பட்டு மின்னுது, பார்த்துக்கிட்டே இருக்கலாம். பார்த்துக்கிட்டேதான் இருக்கணும், வேற வேலை இல்லை.

எங்க அக்கா பையன் இதுலதான் ராப்பகலா கிடக்கான். ஒரு நாள் பின்னாடி நின்னு பார்த்துட்டு, "இதுல எப்படிடா தோக்கறது?"ன்னு கேட்டேன். திரும்பிக் கூட பார்க்கலை. "தோக்கறதுக்கு எதுக்கு மாமா கேம் ஆடணும்?"னான்.

அவனுக்கு அங்கே சொல்லாத பதிலை இங்கே சொல்றேன். தோக்க முடியாத ரயில்வே ஒண்ணு நிஜமாவே இருந்துச்சுடா தம்பி, நம்ம ஊர்ல. 1849ல ஆரம்பிச்சு கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் ரயில்வே கம்பெனிகளோட போட்ட ஒப்பந்தத்துல முதலுக்கு 5 சதவீத வருமானம் உத்தரவாதம். ரயில்ல லாபம் வராட்டி பற்றாக்குறையை இந்திய வரிப்பணத்துல இருந்து ஈடு கட்டிடுவாங்க. 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வேயும் இந்த உத்தரவாதக் கம்பெனிதான். முதல் போட்டவனுக்கு நஷ்டமே கிடையாதுன்னு ஆனப்புறம் செலவைக் குறைக்கணும்னு யாருக்கு அக்கறை? இந்தியாவுல மைலுக்கு ஆன செலவு எகிறிப் போனதைப் பத்தி அப்பவே லண்டன் வரைக்கும் சண்டை நடந்துச்சு. பணத்துக்கு எல்லையே இல்லாத முறையை கேம்காரங்க "சாண்ட்பாக்ஸ்"னு கூப்பிடறாங்க. நம்ம பாட்டன் பூட்டன் நிலவரி கட்டினது ஒருத்தனோட சாண்ட்பாக்ஸுக்கு. காசு ஒரு பொருட்டே இல்லாத ரயில்வேயைப் பார்த்தா எனக்கு அமைதி வராததுக்கு இது ஒரு காரணம்.

தோழர்கள் சிலர் வேற பக்கத்துல இருந்து வருவாங்க. இந்த டைகூன் கேம் எல்லாமே முதலாளித்துவ பஜனை, கொள்ளைக்காரனை ஹீரோவாக்குதுன்னு. முதல் பாதியை நான் ஒத்துக்க மாட்டேன். ஷேர் மோசடியை உங்க கையாலேயே செய்ய வெச்சு, அதோட லாபத்தையும் அசிங்கத்தையும் கணக்குப் புத்தகத்துல காட்டுற விளையாட்டு பஜனை ஆகாது. பாதையும் ரயிலும் மட்டும் இருக்கட்டும், காசைப் பத்திப் பேச வேணாம்னு ஒதுக்குற அழகான புது கேம்கள்தான் பஜனை. ரயில்வே தானா, சுத்தமா, யாருக்கும் நஷ்டமில்லாம முளைச்சுதுன்னு சொல்றது அதுங்கதான்.

ஆனா தோழர்கள் கேட்காம விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு, அதை நானே கேக்கறேன். கட்டை போட்ட ஆள் எங்கே? 1990 கேமோட மேற்கு வரைபடம் 1866ல ஆரம்பிக்குது. அதே சமயத்துலதான் சீனாவுல இருந்து வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சியரா மலையில கருங்கல்லை வெடி வெச்சுப் பிளந்துக்கிட்டு இருந்தாங்க. வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கொடுத்ததைவிடக் குறைஞ்ச கூலி. 1867 ஜூன்ல அவங்க வேலைநிறுத்தம் பண்ணினாங்க. சென்ட்ரல் பசிபிக்கோட சார்லஸ் க்ராக்கர் என்ன பண்ணினார்? மலை மேல போற சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு வாரத்துல முடிஞ்சுது. கேம்ல அந்த மலையில பாதை போட ஒரு பட்டனைத் தட்டினாப் போதும், காசு குறையும், பாதை வந்துடும். அந்தச் சமவெளிகள்ல ஏற்கனவே வாழ்ந்துக்கிட்டிருந்த செவ்விந்தியர்கள் வரைபடத்துலயே கிடையாது. வட்டியை ஒத்தைப் பைசா விடாம எண்ணுற கேம், கூலியை எண்ணலை.

"கேம்தானே, விடுங்க பாஸ்"னு சொல்றவங்களுக்கு: ஏன் விடணும்? கூலியும் ஒரு கணக்கா இருந்திருந்தா, சாப்பாட்டை நிறுத்துற பட்டன் ஒண்ணு உங்க முன்னாடி இருந்திருந்தா, வட்டித் தேதி நெருங்கும்போது அதை அழுத்துவீங்களா மாட்டீங்களான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். விளையாட்டு இன்னும் கொடூரமா ஆகியிருக்கும். இன்னும் நல்ல விளையாட்டாவும் ஆகியிருக்கும். அப்படி ஒண்ணை யாராவது செஞ்சா முதல் ஆளா காசு கொடுத்து வாங்க நான் ரெடி.

ஆட ஆசை வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை. முதல் ரெயில்ரோட் டைகூனை 2006லயே இலவசமா விட்டுட்டாங்க, தேடினா கிடைக்கும், டாஸ்பாக்ஸ்ல ஓடும். கையேட்டைக் கூடவே வெச்சுக்கங்க, இன்ஜின் படத்தைக் காட்டி பேர் என்னன்னு கேட்டு வம்பு பண்ணும். அவ்வளவு பழசு வேணாம்னா ரெயில்ரோட் டைகூன் 2 வாங்குங்க, விலை கம்மி. நிதி சம்பந்தமான கஷ்டத்தை மேல ஏத்தி வெச்சுட்டு ஆடுங்க, இல்லைன்னா அதுவும் பொம்மை ரயில்தான்.

பி.கு. 1: ஓப்பன்டிடிடி பக்தர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். அதை நானும் ஆடறேன், ஜங்ஷன் வரைஞ்சு படம் போடறதில்லை, அவ்வளவுதான்.

பி.கு. 2: ஓப்பன்டிடிடியோட மொழிப் பட்டியல்ல தமிழ் இருக்கு, எத்தனை பேர் கவனிச்சீங்க? யாரோ சில நல்லவங்க உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்காங்க. மாத்திப் போட்டு ஆடிப் பாருங்க, "கடன்"னு தமிழ்ல படிக்கும்போது இன்னும் கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்.